எனக்கு மூத்த தங்கச்சி

தேனி பஜாரில் எங்கள் துணிக்கடைக் கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் அலமாரியில், விற்பனைக்கு இல்லாத துணி ஒன்று பதினைந்து வருடமாக இருந்தது. ஏலக்காய்ப் பச்சையில் ஒரு பருத்தித் துப்பட்டா. அதன் ஒரு முனையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்துப்போன கறை. எலுமிச்சம்பழம், சலவைச் சோடா, தெரிந்த சலவைக்காரர் சொன்ன மண்ணெண்ணெய் வைத்தியம் என்று எல்லாம் செய்து பார்த்தாயிற்று. துணியின் நிறம்தான் வெளுத்தது, கறை போன பாடில்லை. "நம்ம கடையிலயே இப்பிடி ஒரு துணியாக்கா?" என்று விற்பனைப் பெண்கள் கேலி செய்வார்கள். தீபாவளிச் சரக்கு இறங்குவதற்கு முன்னால் அலமாரியைத் துடைக்கும்போது அதை எடுத்து உதறி, மடித்து, மறுபடி அதே இடத்தில் வைப்பேன். அதைத் தலையில் கட்டிக்கொண்டு மலைக்கு வேலைக்குப் போனவளை நான் தங்கச்சி என்று கூப்பிடுவேன். அவளுக்கு என்னைவிட நாலு வயது கூடுதல்.

நான் படித்தது கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு பெண்கள் கல்லூரி. எங்கள் வீட்டு ஆண்கள் பி.காம். முடித்துவிட்டுக் கல்லாவில் வந்து உட்காருவார்கள். பெண்களில் கல்லூரி வாசலை மிதித்தது நான்தான் முதல். விடுதியில் என்னைச் சுற்றி இருந்தவர்கள் பாதிக்கு மேல் அப்படித்தான். கோம்பையிலிருந்தும் மார்க்கையன்கோட்டையிலிருந்தும் வந்த பெண்கள், ஒருத்தி நின்றுபோனால் அடுத்த வருடம் அந்தத் தெருவிலிருந்தே யாரையும் அனுப்ப மாட்டார்கள் என்ற பயத்தோடு படித்தவர்கள். அந்தப் பயத்திலிருந்துதான் எங்களுக்கு முந்தைய சீனியர்கள் ஒரு குழுவை ஆரம்பித்திருந்தார்கள். மேல் வகுப்புப் பெண் ஒவ்வொருத்தியும் முதலாம் ஆண்டுப் பெண் ஒருத்தியைத் தங்கச்சியாக ஏற்றுக்கொள்ள வேண்டும். தங்கச்சி இரண்டு நாள் வகுப்புக்கு வராவிட்டால், மூன்றாம் நாள் அவள் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் எல்லாரும் சேர்ந்து ஏதாவது ஓர் ஊருக்கு உழைக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே நிறத் துப்பட்டா. அந்தப் பச்சை என் அப்பாவின் கடையில் இரண்டு வருடம் விலைபோகாமல் கிடந்த துணிப் பேல் என்பது எனக்கும் அப்பாவுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

ஏற்றுக்கொள்ளும் நாளில் ஒரு சடங்கு உண்டு. டம்ளரில் சீட்டுக் குலுக்கி, வந்த பெயரை வாசித்து, சீனியர் அவள் தோளில் துப்பட்டாவைப் போடுவாள். ஜூனியர் அரங்கம் முழுக்கக் கேட்கும்படி "அக்கா!" என்று கூப்பிட வேண்டும். சீனியர் "இருக்கேன் தங்கச்சி" என்று பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான், ஆனால் அந்தப் பதிலைச் சொல்லும்போது எப்பேர்ப்பட்ட வாயாடியும் ஒரு தரமாவது தடுமாறுவாள். மூன்றாம் ஆண்டில் குழுவுக்கு நான்தான் தலைவி. என் கைக்கு வந்த சீட்டைப் பிரித்து வாசித்தேன். கடைசி வரிசையிலிருந்து எழுந்து வந்தவள் சுங்குடிச் சேலை கட்டியிருந்தாள், கழுத்தில் தாலி. ஐந்து வயதில் பெண் குழந்தை இருக்கிறது என்று பக்கத்தில் யாரோ கிசுகிசுத்தார்கள். பிளஸ் டூ முடித்ததும் காமயகவுண்டன்பட்டிக்குக் கட்டிக்கொடுத்து, ஆறு வருடம் கழித்துக் கல்லூரி முதல்வர் அம்மாவிடம் தனியாக அனுமதி வாங்கிச் சேர்ந்தவள். நாங்கள் கணக்குப் பார்ப்பது வகுப்பைத்தான், வயதை அல்ல. அவள் கொஞ்சமும் வெட்கப்படாமல், மலைச்சரிவில் அடுத்த வரிசைக்காரியைக் கூப்பிடும் குரலில் "அக்கா!" என்றாள். அரங்கமே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டேதான் பதில் சொன்னேன்.

அவளுக்கு எதையும் இரண்டு தரம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கம் இருந்தது. வரலாற்று வகுப்பில் அரசர்கள் வெட்டிய குளங்களைப் பற்றிச் சொன்னால், "தூர் வாருனது யாரு மிஸ்?" என்பாள். விரல் நுனிகள் எப்போதும் கறுத்திருக்கும். கை கழுவக் கூடாதா என்று ஓர் ஆசிரியை கேட்டபோது, "இது கழுவுனாப் போறதில்ல மிஸ், ஏலக்காய்க் கறை" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் நூற்றுக்கணக்கில் விடிகாலையில் ஜீப் ஏறி, கம்பமெட்டு மலைப்பாதை வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புவார்கள். இவள் வீட்டுக்கு அந்த ஜீப்பில் ஓர் இடம் இருந்தது. வாரநாட்களில் அந்த இடத்தில் மாமியார் போவார், சனிக்கிழமையும் விடுமுறை நாட்களும் இவள் போவாள். கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். அவள் படிப்பு மொத்தமும் மாமியாரும் அவளும் பங்கு போட்டுக்கொண்ட அந்த ஓர் இடத்தின் மேல்தான் நின்றது. இதை அவள் என்னிடம் சொல்லியிருந்தாள். நான் காதில் வாங்கினேன், மனதில் வாங்கவில்லை.

தலைவியான பிறகு எனக்குப் பெரிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்ற அரிப்பு. கோயில் வாசலைக் கூட்டுவதும் மரக்கன்று நடுவதும் சலித்துவிட்டது. மலைக்குப் போகும் பெண்களுக்கு எழுத்தறிவு வகுப்பு எடுப்பது என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காமயகவுண்டன்பட்டியில் கூட்டம் போட்டோம், ஒருவரும் வரவில்லை. ஆறு நாள் மலையேறியவர்களுக்குத் துணி துவைக்க அந்த ஒரு நாள்தானே? அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை தோன்றியது. போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம், அந்தப் பெண்கள் ஜீப்பில் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார்கள், வகுப்பை அங்கேயே நடத்தினால் என்ன? தங்கச்சியிடம் சொல்லவில்லை. அவளும் அந்த ஜீப்பில் வருவாள், எங்களைப் பார்த்து அசந்துபோவாள் என்று ஆசை. கல்லூரி முத்திரை வைத்த கடிதம் ஒன்றும், அ ஆ எழுதிய அட்டைகளும் தயார் செய்தேன்.

மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு சனிக்கிழமை, விடியாத இருட்டில் நாங்கள் நாலு பேர் பச்சைத் துப்பட்டாவோடு ஊர் முக்கில் போய் நின்றோம். ஆள் சேர்க்கும் கங்காணியிடம் கடிதத்தை நீட்டினேன். ஏழெட்டுப் பேர் உட்காரும் வண்டியில் பதினாறு பேரை ஏற்றுகிறவர் அவர். முத்திரையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "ஏறுங்கம்மா, ஏறுங்க" என்று பின்பக்கம் போய் ஏதோ சொன்னார், இடம் கிடைத்தது. என் அருமை பெருமை தெரிந்து ஒதுங்கிக்கொடுக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். வண்டி நகர்ந்ததும் கைதட்டிப் பாட ஆரம்பித்தோம். பாட்டு முடிந்து அட்டையைத் தூக்கிக் காட்டியபோது எதிரில் இருந்த அம்மாள், "எங்களுக்கு ஆனா ஆவன்னா தெரியும்த்தா. நான் எட்டாவது வரைக்கும் படிச்சவ" என்றார். மற்றவர்கள் சிரிக்கவில்லை. அப்போதுதான் தங்கச்சி எங்கே என்று தேடினேன். கேட்டேன்.

"ஒங்களுக்கு எடம் வேணும்னு நாலு பேர எறக்கிவிட்டாக. அதுல அந்தப் புள்ளையும் ஒண்ணு" என்றார் அவர். "வண்டிக்குப் பின்னாடியே ஓடியாந்து அக்கா, அக்கான்னு கத்துச்சே. ஒனக்குத்தான் கேக்கல."

வண்டி அதற்குள் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிக்கொண்டிருந்தது. இறங்கவும் முடியாது, இறங்கினாலும் ஊர் முக்கிலேயே நின்றுபோனவர்களுக்கு அன்றைய வேலை திரும்பி வராது. தோட்டத்தில் நாலு ஆள் குறைகிறது என்று சூப்பர்வைசர் சத்தம் போட்டார். அவர்களுக்குப் பதிலாக நாங்கள் காய் எடுக்கிறோம் என்று வீறாப்பாகச் சொன்னேன். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்க்கும் என்று நினைத்திருந்தவள் நான். அது அடித்தூரில், மண்ணை ஒட்டிச் சரம் சரமாகக் கிடக்கிறது. நாள் முழுக்கக் குத்துக்காலிட்டுத்தான் எடுக்க வேண்டும். அட்டைப் பூச்சி காலில் ஏறியதும் ஒருத்தி அழுதேவிட்டாள். விளைந்தது எது, பிஞ்சு எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் உருவிப் போட்டோம். சூப்பர்வைசர் கூடையை எட்டிப்பார்த்துவிட்டு, "மதி மோளே, மதி", போதும் என்று மலையாளத்தில் சொல்லி எங்களை ஒரு பாறைமேல் உட்காரவைத்தார். வேலைக்கும் உதவாமல், வகுப்புக்கும் உதவாமல் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். அவமானம் ஒரு பக்கம். வண்டிக்குப் பின்னால் ஓடிவந்தவளின் குரல் எப்படி இருந்திருக்கும் என்ற நினைப்பு ஒரு பக்கம்.

விஷயம் ஒரு நாளோடு முடிந்திருந்தால் மன்னிப்புக் கேட்டுத் தீர்த்திருக்கலாம். வண்டியில் ஆள் அதிகம் ஏற்றுவதை எழுதிக்கொடுக்கத்தான் கல்லூரி எங்களை அனுப்பியது என்று கங்காணிக்குப் பயம் பிடித்துவிட்டது. எந்த வீட்டுப் பெண்ணால் இது வந்தது என்று விசாரித்து, அந்த வீட்டு இடத்தை நிறுத்திவிட்டார். பத்து நாள் கழித்து மனம் இளகினாலும் ஒரு நிபந்தனை வைத்தார்: வயதான ஆள் வேண்டாம், மருமகள் வருவதாக இருந்தால் தினமும் வரலாம். வேறு வழி இருக்கவில்லை. தங்கச்சி வகுப்புக்கு வராமல் நின்றாள். மூன்றாம் நாள் வாசலில் போய் நிற்க வேண்டும் என்ற எங்கள் விதிப்படி, அவள் மலையிலிருந்து திரும்பும் நேரத்துக்கு நான் போய் நின்றேன். மாமியார்தான் முதலில் பேசினார். "எங்க பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டு, இப்ப என்னத்தப் பாக்க வந்தீக?" என்றார். தங்கச்சி வெளியே வந்து அவரை அமர்த்தினாள். தலையில் கட்டியிருந்த பச்சைத் துப்பட்டாவை அவிழ்த்து, மடித்து, என் கையில் கொடுத்தாள். மலையில் அதை வைத்துத்தான் கையைத் துடைத்திருக்கிறாள், முனையில் கறை புதிதாக இருந்தது.

"ஒங்க மேல எனக்குக் கோவம் இல்லக்கா. ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லிருப்பேன்ல, அந்த வண்டியில சும்மா கெடக்குற எடம் ஒண்ணுகூடக் கெடையாதுன்னு."

அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். விடுதிக்கு வந்து தலைவி பொறுப்பை விட்டுவிடுகிறேன் என்றேன். கூட இருந்தவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. செய்ததைச் சரிசெய்யாமல் நழுவுகிறாயா என்று கேட்டார்கள். கங்காணியிடம் போய்க் கெஞ்சினோம், முதல்வர் அம்மா நேரில் வந்து பேசினார், கங்காணி மசியவில்லை. மறுபடி மறுபடி அந்த வீட்டுக்குப் போனேன். நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ, வாழ்க்கையில் முதல்முறையாக உருப்படியாக ஒரு கேள்வி கேட்டேன். "சரி, எங்களால ஒங்களுக்கு என்னதான் ஆகணும்? நீயே சொல்லு தங்கச்சி." அவள் யோசிக்கக்கூட இல்லை. "நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டுருது. நாங்க வந்து சேர ஆறரை ஆகுது, பாதையில மரம் விழுந்தா இன்னும் நேரமாகும். அதுவரைக்கும் பிள்ளைக ரோட்டுலதான் நிக்குதுக. அந்த நேரத்துக்கு அங்கன யாராச்சும் இருக்க முடியுமா?" என்றாள்.

எழுத்தறிவு அட்டைகளை அட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டினோம். ஊர்ப் பள்ளியின் தலைமை ஆசிரியை வராந்தாவைத் திறந்துவிட்டார். முறை வைத்துக்கொண்டு நாங்கள் டவுன் பஸ் பிடித்துப் போய் நாலு மணிக்கு அங்கே இருப்போம். வீட்டுப்பாடம், சுண்டல், சிறுமிகளுக்குப் பேன் பார்த்துத் தலை பின்னல், சண்டை விலக்குதல். திராட்சைத் தோட்டம் தாண்டி ஜீப் ஹாரன் கேட்டதும் அத்தனை பிள்ளைகளும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடும். தங்கச்சி மட்டும் வராந்தா வரைக்கும் வருவாள். மகளின் நோட்டை வாங்கி நின்றபடியே வாசிப்பாள். பக்கத்தில் கிடக்கும் எங்கள் கல்லூரிப் புத்தகத்தையும் ஒரு பக்கம் புரட்டுவாள். உட்காரு என்றால் உட்கார மாட்டாள். "வாரேங்க்கா" என்று மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்துவிடுவாள். அந்த வருடம் எங்கள் உறுதிமொழியில் ஒரு வரி சேர்ந்தது: கேட்டுவிட்டுச் செய். யாரால் அது சேர்ந்தது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. எனக்குத் தெரியும்.

படிப்பு முடிந்து நான் கடைக்கு வந்தேன். அப்பாவுக்குப் பிறகு கல்லாவும் என்னிடம் வந்தது. அந்தப் பழைய பேல் என்றோ தீர்ந்துவிட்டது. ஆனாலும் அதே பச்சையை ஈரோட்டிலிருந்து வருடா வருடம் தனியாகச் சொல்லி வரவழைக்கிறேன். வேறு யாரும் வாங்குவதில்லை, பார்க்கக் கொஞ்சம் சோகையான பச்சைதான். குழுவின் பெண்கள் ஆனி, ஆடியில் வந்து வாங்கிப்போவார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்படி வந்த கூட்டத்தில் ஒருத்தி, என்னைப் பார்த்ததும் "பெரியம்மா!" என்றாள். தங்கச்சியின் மகள். அம்மாவைவிடச் சின்னவளைப் பெரியம்மா என்று கூப்பிடுகிற பெண் இந்தப் பக்கத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அந்த வராந்தாவில் வளர்ந்தவள், எங்கள் கல்லூரியிலேயே சேர்ந்திருந்தாள். சந்தோஷத்தில் மீட்டருக்கு மீட்டர் கூடுதலாகவே வெட்டிக்கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்தில் நின்ற பெண் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

இந்த ஆடியில் அவள் தனியாக வந்தாள், இப்போது மூன்றாம் ஆண்டு. புதிதாகச் சேர்ந்தவர்களின் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு, "அதுல ஒண்ணு கொறச்சு வெட்டுங்க பெரியம்மா" என்றாள். ஏன் என்றேன். "எங்கம்மாவும் சேந்துட்டாக. மொத வருசம். அவுக துணிதான் ஒங்ககிட்ட இருக்கே."

கையிலிருந்த கத்தரியை வைத்துவிட்டேன். அவள் விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். இரண்டு வருடமாக அம்மாவைக் கேட்டுக்கொண்டிருந்தாளாம். கேட்காமல் விண்ணப்பம் போட்டால் தப்பாகிவிடும் என்று, கேட்டுக் கேட்டு நச்சரித்தாளாம். அப்பா திருப்பூரிலிருந்து திரும்பிவந்து கம்பத்தில் வேலைக்குப் போகிறார், வீடு ஓடுகிறது. கடைசியில் வழிவிட்டது பாட்டிதானாம். "இங்கன அடுப்ப நான் பாத்துக்கிறேன். போய்ச் சேருடி. இனியும் ஒன்னய யாரு எறக்கிவிடுறான்னு பாப்போம்" என்றிருக்கிறார். எந்த வாயால் என்னைத் திட்டினாரோ, அதே வாய். பிறகு மகள் குரலைத் தாழ்த்தி, சீட்டுக் குலுக்கலில் தான் திருட்டுத்தனம் செய்ததையும் ஒப்புக்கொண்டாள். அவள் கைக்கு வரப்போகும் டம்ளரில் எல்லாச் சீட்டிலும் ஒரே பெயர்தானாம். நான் அலமாரியைத் திறந்து அந்தத் துப்பட்டாவை எடுத்தேன். "இதப் போடலாமா, புதுசு போடலாமான்னு ஒங்கம்மாகிட்டக் கேட்டுச் சொல்லு" என்றேன். அங்கேயே போன் போட்டாள். "அந்தக் கறைத் துணியத்தான் போடணுமாம். ஒங்களையும் வரச் சொன்னாக."

அரங்கம் மாறிவிட்டது. அன்றைக்குப் பாய் விரித்து உட்கார்ந்த இடத்தில் இப்போது வரிசையாகச் சிவப்பு நாற்காலிகள். பெண்கள் எல்லாவற்றையும் கைபேசியில் படம் பிடிக்கிறார்கள். டம்ளர் மட்டும் அதே எவர்சில்வர் டம்ளர். நான் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். பெயர் வாசிக்கப்பட்டதும் தங்கச்சி எழுந்து நடந்தாள். காதோரம் நரைத்திருந்தது, சுங்குடிச் சேலைதான் கட்டியிருந்தாள். மகள் துப்பட்டாவைப் பிரித்து அவள் தோளில் போட்டாள், அவசரத்தில் ஒரு பக்கம் சரிந்தது. தங்கச்சி, தன் மகளின் முகத்தை நேராகப் பார்த்து, அதே பழைய குரலில் "அக்கா!" என்று கூப்பிட்டாள். அரங்கமே சிரித்தது. மகள் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி முயன்றாள். அப்போதும் வரவில்லை.

எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. முறைப்படி அது மகள் சொல்ல வேண்டிய பதில். நான் எழுந்து நின்று, "இருக்கேன் தங்கச்சி!" என்று கத்திவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குள் மகளுக்கும் குரல் வந்து, அவளும் அதையே சொன்னாள்.

தங்கச்சி சரிந்திருந்த துப்பட்டாவை இழுத்து, கறைபட்ட முனை வெளியே தெரியும்படி முன்னால் விட்டுக்கொண்டாள். பிறகு மெதுவாகத் திரும்பி, அத்தனை பேருக்கும் பின்னால் நின்ற என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இப்பக் கேட்டுச்சாக்கா?" என்றாள்.